ஜடெல் வைத்த பின் மாதவிடாய் வரவில்லையா?

சகோதரி, ஜடெல் (கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சிகள்) வைத்து நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை, இரத்தம் உள்ளே தேங்கிவிடும், இனிப் பிள்ளையும் தங்காது என்று மாமி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இரத்தம் எங்கும் தேங்காது. அந்த இரண்டு குச்சிகளிலிருந்தும் கசியும் லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கருப்பையின் உட்சவ்வை மெல்லியதாகவே வைத்திருக்கும். வெளியேற வேண்டியது அங்கே சேர்வதே இல்லை. சிலருக்கு மாதவிடாய் நிற்கும், சிலருக்கு வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் படும். முதல் வருடத்தில் இந்தக் குழப்பம் மிகச் சாதாரணம். சொல்லப்போனால், நிற்பவர்களுக்குத்தான் தொல்லை குறைவு!

பிள்ளை விஷயத்தில் மாமி மூன்று மாதக் கருத்தடை ஊசியோடு குழப்பிக்கொள்கிறார் போலிருக்கிறது. ஊசியை நிறுத்தினால் கரு தங்கப் பல மாதம் பிடிக்கலாம். ஜடெல் அப்படியல்ல, எடுத்த சில நாட்களில் மருந்து உடலை விட்டுப் போய்விடும், அடுத்த மாதமே கரு தங்கவும் கூடும். ஜடெலின் ஐந்து வருடக் காலம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, விரும்பியபோது கிளினிக்கில் எடுக்கலாம்.

ஆனால் குமட்டலோ அடிவயிற்றில் ஒருபக்க வலியோ இருந்தால் தாமதிக்காமல் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். அப்புறம், காசநோய்க்கோ வலிப்புக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா? அவற்றில் சில ஜடெலின் வேலையைக் குறைக்கும், வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.