மஸ்டாங் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, மிச்சிகன் மாநிலத்து ட்ராய் நகரத்துக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, பக்கத்துத் தெருக்காரர் தன் 1966 ஃபோர்டு மஸ்டாங்கை விற்கிறார், வாங்கி வீட்டிலேயே ரிப்பேர் பார்த்து ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நானும் 2009-இல் அதே வருடத்து வண்டியைத்தான் வாங்கினேன், இன்னும் என் கராஜில் நிற்கிறது. ஆனால் உங்கள் கேள்வியில் பாதிக்கு மேல் இன்ஜினைப் பற்றித்தான் இருக்கிறது. நானும் அன்றைக்கு அதைத்தான் பார்த்து ஏமாந்தேன். முதலில் தகரத்தைப் பாருங்கள்.

மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது, கொட்டுவதற்குக் கேட்பானேன்! மஸ்டாங்குக்குத் தனியாக சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத் தகரமும் அதோடு வெல்டிங் செய்த நீளமான தகர விட்டங்களும்தான் அதன் எலும்பு. அது அரித்துப்போனால் மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து யாரும் பளபளவென்று காட்டிவிடலாம். அதனால் மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பக்கம், பின் சக்கரத்துக்கு மேல் எல்லாம் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டிதான் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர் சோதனை. பானெட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே, வைப்பருக்குக் கீழே, காற்று போகிற நீளமான துளைகள் இருக்கும். அதில் தண்ணீரை ஊற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் வெளிப்பக்கமாக வடிந்து போக வேண்டும், உள்ளே சொட்டக் கூடாது. என் வண்டியில் காலடி கார்ப்பெட் அடிக்கடி நனைந்தது. ஹீட்டர்தான் ஒழுகுகிறது என்று இரண்டு வார இறுதிகளைச் செலவழித்து ஹீட்டரை மாற்றினேன். அடுத்த மழைக்கும் கார்ப்பெட் நனைந்தது. அந்தத் துளைகளுக்குக் கீழே இருக்கிற பெட்டி உள்ளுக்குள் சல்லடையாகியிருந்தது. அதைச் சரிசெய்ய ஸ்பாட் வெல்டிங்குகளை ஒவ்வொன்றாகத் துளைபோட்டுப் பிரிக்க வேண்டும். அது வீட்டு வேலை இல்லை. டிங்கரிங் கடைக்காரருக்குக் கொடுத்த பணத்தை என் மனைவியிடம் இன்று வரை முழுதாகச் சொல்லவில்லை.

தகரம் தேறிவிட்டால் அடுத்தது பிரேக். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். 1966 வரை மஸ்டாங்கில் அதற்கு ஒரே அறைதான். நான்கு சக்கரத்தில் எங்கே ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். 1967-இல்தான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரித்தார்கள். என் வண்டியில் பின் சக்கரத்தில் இருக்கிற குட்டி பிரேக் சிலிண்டர் ஒழுகிய நாளில் பெடல் தரையைத் தொட்டது. நல்லவேளை, வீட்டு வாசலில்தான். குப்பைத் தொட்டியோடு போயிற்று. இரட்டை அறை சிலிண்டருக்கு மாற்றிய பிறகுதான் மெயின் ரோட்டுக்கே எடுத்துப் போனேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். சக்கரத்தில் இருக்கிற பிரேக் ட்ரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை நம் ஊர் வழக்கப்படி வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத் துடையுங்கள். வண்டியைத் தூக்கினால் ஜாக் ஸ்டாண்டு என்கிற இரும்புத் தாங்கியை வைக்காமல் அடியில் படுக்கவே கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கிற வேலை வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

இனி இன்ஜின். அப்பாவின் அம்பாசடரில் மெக்கானிக் பாயிண்டை, அதாவது ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் குட்டி சுவிட்சை, தேய்த்து வைப்பதைப் பார்த்திருந்தால் பாதி வேலை உங்களுக்குத் தெரியும். உங்கள் பக்கத்துத் தெரு வண்டியின் அடையாள எண்ணில் (VIN) ஐந்தாவதாக உள்ள எழுத்தைப் பாருங்கள். T என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், C என்றால் 289 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர். என்னுடையது 289. பாயிண்ட் இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் தண்டின் மேடு பாயிண்டை முழுதாகத் திறக்கிற இடத்துக்கு இன்ஜினைச் சுற்றி, 0.017 அங்குல ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, இடையில் விட்டுப் பார்ப்பேன். லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். தொளதொள என்று வந்தாலும் தப்பு, இழுத்தால்தான் வரும் என்றாலும் தப்பு. திருகை இறுக்கும்போது இடைவெளி கொஞ்சம் நகரும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். ஸ்பார்க் பிளக் ஒயர்களைக் கழற்றினால், 289-இன் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் 1-5-4-2-6-3-7-8 என்ற வரிசை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஸ்பானர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நாம் பழகிய 10, 13, 17 எல்லாம் இங்கே உதவாது, எல்லாமே அங்குல அளவு. அரை அங்குல போல்ட்டில் 13 நம்பர் ஸ்பானர் உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்து. அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். அந்தச் சின்னத் தொளதொளப்பில் துருப்பிடித்த போல்ட்டின் முனை மழுங்கிவிடும்.

பெட்ரோலில் இப்போது 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்கள் அதைத் தாங்காது, வாங்கியதும் மாற்றிவிடுங்கள். குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது டாங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். எலி கூடு கட்டும், அது தனிக் கதை.

அப்புறம், நீங்கள் அபார்ட்மெண்ட்டில் இருந்தால் வாடகை ஒப்பந்தத்தை ஒரு தடவை படியுங்கள். பார்க்கிங்கில் வண்டி ரிப்பேர் செய்ய அனேகமாக அனுமதி இருக்காது. எச்-1பி வேலை விசாவில் இருக்கிறீர்கள் என்றால் சொந்த வண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை பழகிவிட்டது என்று அடுத்தவர் வண்டியைக் காசு வாங்கிப் பார்த்தால் விசாவுக்கே சிக்கல். வேலைக்குப் போக வேறு கார் கட்டாயம் வேண்டும். 26 வருடமோ அதற்கு மேலோ ஆன வண்டிக்கு மிச்சிகனில் ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் கிடைக்கும். அதோடு கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் எதற்கும் ஓட்டலாம். டெட்ராய்ட் பக்கம் வுட்வர்டு அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் என்கிற பழைய கார்களின் ஊர்வலம் நடப்பதும் அந்த ஆகஸ்டில்தான், மூன்றாவது சனிக்கிழமை.

வண்டி யாருக்குச் சொந்தம் என்று காட்டும் டைட்டில் பத்திரம் விற்பவர் பெயரில் இல்லையென்றால் பேச்சையே எடுக்காதீர்கள். இருந்தால், வருகிற சனிக்கிழமை காலை நானும் வருகிறேன், காந்தமும் ஜாக் ஸ்டாண்டும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் ஒரு வாளியும் டார்ச்சும் கொண்டு வாருங்கள். நாம் போய்ச் சேரும்வரை இன்ஜினைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள், ஆறிப்போன வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும்.