இருட்டு அடுக்களையும் எஃப் எண்ணும்

அன்புள்ள ஐயா,

நான் புளியரையில் வசிக்கிறேன். வளைகுடாவில் வேலை பார்த்த என் மாமா 2013இல் கொண்டுவந்து தந்த சோனி ஆர்எக்ஸ்100 சிறு கேமரா ஒன்று என்னிடம் இருக்கிறது. சில ஆண்டுகளாக அதைத் தோல் உறையில் போட்டு, பாச்சை உருண்டையோடு பீரோவில் வைத்திருக்கிறேன். இப்போது கேனான் ஆர்50 மிரர்லெஸ் கேமராவை மாதத் தவணையில் வாங்கலாம் என்று நினைக்கிறேன். 18-45 லென்ஸும் கூடவே வருகிறது. பழையதைக் குப்பையில் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். இப்போது போனே போதும் என்கிறார் நண்பர். என் அம்மா ஆரியங்காவில் பிறந்தவர், வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எங்களுடையது பழைய ஓட்டு வீடு, உள்ளே வெளிச்சம் குறைவு. அவரை ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. தங்கை மகளின் நடன அரங்கேற்றமும் தை மாதம் வருகிறது. இரண்டு கேமராவையும் ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா?

எம்., புளியரை

அன்புள்ள எம்.,

நீங்கள் கேட்ட ஒப்பீட்டை இதற்குள் பலர் காணொளியில் செய்து காட்டியிருப்பார்கள். அது மட்டும் என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் லென்ஸும் கூடவே வருகிறது என்று போகிறபோக்கில் எழுதிய வரியும், வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்ற வரியும் உங்கள் கடிதத்தில் ஒன்றையொன்று அறியாமல் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. கூடவே வரும் அந்த லென்ஸைப் பற்றி எனக்குள் நெடுநாளாக ஓர் எரிச்சல் வளர்ந்துகொண்டிருந்தது. அது இன்று உங்கள் தலையில் விடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடுகிறேன். போனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, உங்கள் நண்பர்தான் சொல்கிறார், அவரே எடுத்துக்கொள்ளட்டும். மெகாபிக்சல் கணக்கும் வேண்டாம். பழையதன் படம் 5472க்கு 3648 புள்ளிகள், புதியதன் படம் 6000க்கு 4000. அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேறுபாடு இல்லை. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் பழையதன் படத்தையே பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் அச்சிடலாம். அதைவிடப் பெரிய படத்தை மாட்ட உங்கள் வீட்டுச் சுவரில் இடம் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். பழையதைக் குப்பை என்று சொன்ன கடைக்காரர் அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தாரா என்று கேட்டிருக்கலாம் நீங்கள்.

இனி லென்ஸுக்கு வருகிறேன். சென்சாரின், அதாவது படம் பதியும் சில்லின், அளவைப் பார்த்து மயங்குவது இயல்புதான். ஆர்50இன் சென்சார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர், ஆர்எக்ஸ்100இனுடையது 13.2க்கு 8.8; பரப்பில் முன்னது ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் சென்சார் என்பது அறை, லென்ஸ் என்பது அதன் ஜன்னல். அறையைப் பெரிதாகக் கட்டி ஜன்னலைச் சிறிதாக வைத்தவர் வீட்டில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும். எஃப் எண் என்பது குவியத் தொலைவை, அதாவது காட்சியின் அகலத்தைத் தீர்மானிக்கும் மில்லிமீட்டர் அளவை, லென்ஸின் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. எண் சிறியதானால் துளை பெரிது. உங்கள் பழைய கேமராவின் அகன்ற முனையில், அதாவது ஜூமை நகர்த்தாதபோது, குவியத் தொலைவு 10.4 மில்லிமீட்டர், எஃப் எண் 1.8. வகுத்துப் பார்த்தால் துளையின் விட்டம் 5.8 மில்லிமீட்டர். புதியதோடு வரும் லென்ஸின் அகன்ற முனை 18 மில்லிமீட்டர், எஃப் எண் 4.5. வகுத்துப் பார்த்தால் 4 மில்லிமீட்டர். இரண்டும் காட்டுவது ஏறக்குறைய ஒரே அகலக் காட்சி, பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் ஒன்று 28, மற்றொன்று 29. ஒரே காட்சியிலிருந்து, ஒரே நொடிப் பகுதியில், எது அதிக வெளிச்சத்தை உள்ளே வாங்குகிறது? நீங்கள் குப்பையில் போடவிருந்ததுதான், அதுவும் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாக.

இதையே உங்கள் அம்மாவின் அடுக்களையில் வைத்துப் பார்ப்போம். சாரல் நாளில், பின்கதவு திறந்திருக்கும்போது, பழைய கேமராவில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவை, 1600இல் வைத்துப் படம் பதிய நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் போதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில், அதே ஐஎஸ்ஓவில், புதியது அந்த லென்ஸோடு கேட்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நொடி; உள்ளே வரும் வெளிச்சம் பாதிதான், அதுவும் மூன்று மடங்கு பரப்பில் பரவ வேண்டும். பத்தில் ஒரு பங்கு நொடியில் தேங்காய் துருவும் கை புகையாகிவிடும். லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்பீர்கள்; அது உங்கள் கையைத்தான் பிடிக்கும், அம்மாவின் கையைப் பிடிக்காது. பழைய கேமராவிலும் அது இருக்கிறது. அறுபதில் ஒரு பங்கே வேண்டுமென்றால் புதியதில் ஐஎஸ்ஓவை 10000க்கு ஏற்ற வேண்டும், ஏற்றினால் முகத்தின் சுருக்கமும் சென்சார் தூவும் மணல் போன்ற இரைச்சலும் கலந்துவிடும். பெரிய சென்சாருக்கென்று கொடுத்த பணத்தை லென்ஸ் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

இது தற்செயலாக நடந்ததும் இல்லை. 2003இல் கேனான் தன் ஆரம்பநிலை எஸ்எல்ஆரோடு, அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமராவோடு, கொடுத்த 18-55 லென்ஸ் எஃப் 3.5இல் தொடங்கி 5.6இல் முடிந்தது. 2015இல் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கென்று வந்த 15-45, 3.5இல் தொடங்கி 6.3இல் முடிந்தது. 2022இல் வந்த, உங்களுக்குக் கிடைக்கப்போகிற 18-45, தொடங்குவதே 4.5இல், முடிவு அதே 6.3. கேமரா சிறுத்தால் லென்ஸும் சிறுக்க வேண்டும், சென்சார்தான் தேறிவிட்டதே, இருட்டை அது சமாளித்துக்கொள்ளட்டும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. ஃபிலிம் காலத்தில், ஜூம் லென்ஸ்கள் பரவுவதற்கு முன், ஒரு சாதாரண எஸ்எல்ஆர் வாங்கினால் எஃப் 1.8 அல்லது 2 திறப்புள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் கூடவே வந்தது. அன்றைக்கு ஆரம்பநிலைக்காரனுக்கு இயல்பாகக் கிடைத்த வெளிச்சம் இன்று தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது, அதை யாரும் குறையாகச் சொல்வதும் இல்லை.

பழையதின் குறையையும் மறைக்க வேண்டாம். அதன் 1.8 அகன்ற முனையில் மட்டும்தான். ஜூமைக் கொஞ்சம் நகர்த்தினாலே சட்டென்று இறங்கி, கடைசியில் 4.9 ஆகிவிடும். அந்தப் பக்கத்தில் ஆர்50இன் பெரிய சென்சார் முந்திவிடுகிறது. பழையதில் கண் வைத்துப் பார்க்கும் காட்சித் துளை இல்லை, தொடுதிரையும் இல்லை. ஓடுகிற பிள்ளையின் கண்ணைத் தேடிப் பிடித்துக் குவிக்கும் திறமையில் புதியதன் அருகேகூட அது வர முடியாது. புளியரை வயலில் கொக்கு பறப்பதை எடுக்க வேண்டுமென்று நீங்கள் எழுதியிருந்தால் இந்தப் பதில் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

நீங்கள் எழுதியது அம்மாவைப் பற்றி. பண்பொழியில் எனக்கு ஒரு பெரியம்மா இருந்தாள். குடும்பத்தின் எல்லாக் கல்யாண ஆல்பத்திலும் தூணுக்குப் பின்னே பாதி முகமாக நிற்பவள். ஒருமுறை பெரிய எஸ்எல்ஆரோடு போனேன். சேலை மாற்றிக்கொண்டு, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் மேல் இரண்டு கை, இறுகிய உதடு. எடுத்த படங்களில் பெரியம்மாவின் அங்கங்கள் எல்லாம் இருந்தன, பெரியம்மாவைத்தான் காணோம். பின்னொரு ஆடி மாதம், உங்களுடையதைப் போன்ற சிறு கேமராவை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அடுக்களையில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். ‘என்னல அது, வெத்தலைப் பெட்டியா?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதன்பிறகு நான் ஏன் ஊர்ப்பக்கம் வருவதில்லை, என் தம்பி ஏன் நிலத்தை விற்றான், மருமகள்கள் ஏன் அம்மியைத் தொடுவதில்லை என்று அவள் வைதுகொண்டே போனாள். நான் கேட்டுக்கொண்டே எடுத்தேன். அவள் போனபிறகு அஞ்சலிப் படத்துக்கு வீட்டில் தேடியபோது ஒப்புக்கொள்ளும்படி கிடைத்தது அதில் ஒன்றுதான். ஆச்சி ஏசுகிற மாதிரி இருக்கிறதே என்று பேரன் தயங்கினான். அதையே அச்சடித்தார்கள்.

ஆர்எக்ஸ்100, பேட்டரி எல்லாம் சேர்த்து 240 கிராம். ஆர்50 அந்த லென்ஸோடு சேர்ந்து அரைக் கிலோ. எடை உங்கள் கைக்கு ஒன்றும் பெரிதில்லை. எதிரே இருப்பவரின் முகத்துக்குத்தான் பெரிது. உங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு அவரைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கேமராவை ‘ஏ’ முறையில் (துளையை நீங்கள் தேர்ந்தெடுக்க, நேரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் முறை) வைத்து, எஃப் 1.8, ஐஎஸ்ஓ 1600. ஜூமைத் தொடவே வேண்டாம். பீப் ஒலியை அணையுங்கள்; குவிப்பதற்காக முன்புறம் எரியும் ஆரஞ்சு விளக்கையும் மெனுவில் போய் அணையுங்கள், அது முகத்தில் விழுந்தால் எந்த அம்மாவும் திரும்பிக்கொள்வார். ஃபிளாஷ் வேண்டாம். அதை விரலால் மேல்நோக்கிச் சாய்த்துக் கூரையில் அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது வெள்ளையடித்த தட்டைக் கூரைக்குப் பொருந்தும், ஓட்டுக்கூரையில் வெளிச்சம் திரும்பி வராது. மிக அருகே போகாதீர்கள், அகன்ற முனையில் பக்கத்தில் நின்றால் மூக்கு பெருத்துவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, அடுப்பும் அம்மியும் சேர்ந்தே வரட்டும் என்று எடுங்கள். தேவையானால் பிறகு வெட்டிக்கொள்ளலாம், அதற்குப் புள்ளிகள் தாராளமாக இருக்கின்றன.

ஆனால் இதெல்லாம் கேமரா உயிரோடு இருந்தால்தான். தம்பி, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலை நேராக உங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு, கேமராவைத் தோல் உறையில் போட்டு, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு யார் சொன்னது? தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இருட்டும் காற்றோட்டமின்மையும் பூஞ்சைக்குப் பிடித்தவை. பாச்சை உருண்டை பூச்சியை விரட்டுமே தவிர ஈரத்தை உறிஞ்சாது. கேமராவை இயக்கி, லென்ஸ் வெளியே வந்ததும் டார்ச் அடித்து உள்ளே சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. இந்தக் கேமராவின் லென்ஸைக் கழற்ற முடியாது, பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். இல்லையென்றால் இன்றே உறையை எறிந்துவிட்டு, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலம் ஈரமானால் மாற்றுங்கள். புதியது வாங்கினாலும் அதற்கும் இதே டப்பாதான். எத்தனையோ நல்ல லென்ஸ்கள் செங்கோட்டை, தென்காசிப் பக்கத்துப் பீரோக்களில் இப்படித்தான் செத்தன.

அரங்கேற்றத்தைப் பற்றி ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். காணொளி எடுப்பதாக இருந்தால் பழையது போதாது. அதில் ஃபுல் எச்டி வரைதான், வெளியிலிருந்து மைக் சொருக வழியில்லை. ஆர்50இல் 4கே உண்டு, மைக்குக்கு இடமும் உண்டு. வாங்குவதென்றால் தை மாதத்துக்குச் சற்று முன்னால் வாங்குங்கள். கூடவே வரும் லென்ஸோடு நிற்காமல், அதே நிறுவனத்தின் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையும் தவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 18-45இன் கடைசி முனையோடு ஒப்பிட்டால் அது பன்னிரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கும். அதற்குப் பணம் இடிக்கிறது என்றால் வாங்குவதையே தள்ளிப்போடுங்கள். அதற்குள் பழையதன் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் செய்யாதீர்கள். என்பி-பிஎக்ஸ்1 என்று கேட்டுப் புதிதாக வாங்குங்கள், அந்த வரிசையின் பிந்தைய கேமராக்களுக்கும் அதே பேட்டரிதான் என்பதால் இன்னும் கிடைக்கிறது.