குறைந்த விலையில் பேஸ் தூக்கலான இயர்போன்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அண்ணா, பட்ஜெட் ஆயிரம் ரூபாய்தான். பேஸ் அதிரணும். வயர் இருந்தாலும் பரவாயில்லை. எதை வாங்கலாம்?

பதில்: வயர் இருந்தாலும் பரவாயில்லை என்றீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. அதே காசுக்கு ப்ளூடூத் பட்ஸ் வாங்கினால் பேட்டரி, சிப், சார்ஜிங் டப்பா எல்லாவற்றுக்கும் போக மிச்சம்தான் ஒலிக்கு. இந்த விலையை ஒட்டி கேஇசட் இடிஎக்ஸ் ப்ரோ என்கிற வயர் இயர்போன் கிடைக்கும். பேஸ், அதாவது தாழ்ந்த அதிர்கிற ஒலி, தாராளம். வயரைக் கழற்றி மாற்றலாம் என்பதால், வயர் அறுந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. சிம்பல் சத்தம், 'ஸ்', 'ச' எல்லாம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும். அது உறுத்தினால் போனில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிரைவர் 10 மிமீயை விட 13 மிமீ இருந்தால் பேஸ் அதிகம்தானே ப்ரோ?

பதில்: டிரைவர் என்பது இயர்போனுக்குள் ஒலி எழுப்புகிற குட்டி ஸ்பீக்கர். பெட்டியில் பெரிதாகப் போட வசதியான எண் அதன் அளவு, அவ்வளவுதான். டிரைவரை எப்படி ட்யூன் செய்திருக்கிறார்கள், கூட்டில் காற்றுத் துளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் பேஸ்.

எந்த பேஸ் வேண்டும் என்பதையும் யோசியுங்கள். ஒலி எவ்வளவு தாழ்ந்தது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள், எண் குறையக் குறைய ஒலி தாழும். ஏறக்குறைய 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை அடி பேஸ். காதை விட நெஞ்சுக்குத் தெரிகிற ரகம். அதற்கு மேல் 250 ஹெர்ட்ஸ் வரை நடு பேஸ். நாலு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று வருகிற மலிவு செட்டுகளில் பல, நடு பேஸைத்தான் ஏற்றிவிடுகின்றன. கடையில் கேட்கும்போது அசத்தும். வீட்டுக்கு வந்து கேட்டால் பாடகர் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, பேஸ் கிட்டார் நோட்டு நோட்டாகப் பிரிந்து கேட்கிறதா, அல்லது ஒரே 'தொம் தொம்'தானா என்று பாருங்கள். கடைக்காரர் போடுகிற டெமோ பாட்டை நம்பாதீர்கள்.

கையில் இன்னும் காசு சேர்ந்தால் ட்ரூதியர் ஜீரோ ரெட் பாருங்கள். 2023இல் 55 டாலருக்கு வந்தது. 10 மிமீ, 7.8 மிமீ என்று இரண்டு டிரைவர்கள். கூடவே வருகிற 10 ஓம் அடாப்டரை மாட்டினால் குரலைக் கெடுக்காமல் பேஸ் இன்னும் ஏறும்.

கேள்வி: நான் வாங்கிய மாடலில் பேஸ் பிரமாதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் பேஸே இல்லை. டூப்ளிகேட்டாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம். ஆனால் முதலில் காதுக்குள் போகிற முனையில் மாட்டியிருக்கும் ரப்பரைப் பாருங்கள். காதுத் துளை முழுசாக அடைபடாவிட்டால் முதலில் தப்பித்துப் போவது தாழ்ந்த ஒலிதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதே கதை.

இடது காதுக்கு மாட்டும்போது வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னும் லேசாக இழுங்கள். துளை நேராகும். இயர்போனைச் செருகி, மடலை விடுங்கள். இப்போது பாட்டு போடாமல், வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். குரல் தலைக்குள் கனமாக முழங்கினால் அடைப்பு சரி. சாதாரணமாகவே கேட்டால் எங்கோ கசிகிறது. பாட்டு ஓடும்போது விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாலும் தெரியும். பேஸ் திடீரென்று ஏறினால் அடுத்த சைஸ் ரப்பருக்கு மாறுங்கள். இரண்டு காதும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. இடதுக்கு மீடியம், வலதுக்கு லார்ஜ் போடுகிறவர்கள் நிறையப் பேர். எதுவும் ஒட்டவில்லை என்றால், ரப்பருக்குப் பதிலாக மாட்டுகிற பஞ்சு போன்ற ஃபோம் டிப்ஸ் வாங்குங்கள்.

கேள்வி: செருகும்போது உள்ளே 'கறுக்' என்கிறது. உடைந்துவிட்டதா?

பதில்: இல்லை. காற்று அழுத்தத்தில் டிரைவரின் சவ்வு மடங்குகிற சத்தம். மெதுவாகச் செருகுங்கள்.

கேள்வி: வீட்டில் நன்றாக இருக்கிற பேஸ், பஸ்ஸில் ஏறினால் காணாமல் போகிறது!

பதில்: பஸ் இன்ஜின் உறுமலும் உங்கள் பேஸும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசை. உறுமல் பாட்டை அமுக்கிவிடுகிறது. ரப்பர் அடைப்பு கீச்சுச் சத்தங்களைத் தடுக்கிற அளவுக்கு இதைத் தடுக்காது. ஏஎன்சி, அதாவது எதிர் ஒலி எழுப்பி வெளி இரைச்சலைக் குறைக்கிற வசதி, உள்ள பட்ஸ் தாழ்ந்த உறுமலைத்தான் நன்றாகக் குறைக்கும், அதனால் தினமும் பஸ் பயணம் என்றால் அதற்குக் காசு கொடுக்கலாம். ஒன்று கவனியுங்கள்: மலிவு பெட்டிகளில் 'ஈஎன்சி' என்று போட்டிருப்பது வேறு. அது நீங்கள் பேசும்போது எதிர்முனைக்குப் போகிற இரைச்சலைக் குறைப்பது. உங்கள் காதுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: சார், பத்தாவது படிக்கிற என் பையன் எந்நேரமும் பேஸ் வைத்துக் கேட்கிறான். காது கெடுமா?

பதில்: அளவு மீறினால் கெடும் அம்மா. பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் கேட்கலாம் என்கிற நேரம் பாதியாகும். பேஸ் போதவில்லை என்று வால்யூமை ஏற்றினால் மற்ற ஒலிகளும் சேர்ந்து ஏறுகின்றன, ஆபத்து அதில்தான். அவனுக்குச் சரியான சைஸ் ரப்பர் போட்டுக் கொடுங்கள், பாதி வால்யூமிலேயே பேஸ் கிடைக்கும். பல போன்களில் வால்யூமுக்கு வரம்பு வைக்கிற வசதியும் செட்டிங்ஸில் இருக்கிறது.

கேள்வி: ஆறு மாதமாகிறது. இப்போது ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவு.

பதில்: ரப்பரைக் கழற்றி முனையிலுள்ள வலையைப் பாருங்கள், காதுக் குறும்பி அடைத்திருக்கும். முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த பழைய டூத் பிரஷால் மெல்லத் தட்டி எடுங்கள். ஊசி போட்டுக் குத்தாதீர்கள், தண்ணீரும் வேண்டாம். அப்படியும் சரியாகவில்லை என்றால் வாரண்டி பில்லைத் தேடுங்கள்.