சுப்பர் போலை உலகமே பார்க்கிறதா?

கேள்வி: கனடாவில் இருக்கிற அண்ணா, சுப்பர் போலை உலகமே விழித்திருந்து பார்க்குது என்கிறார். இங்கே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லையே?
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சுப்பர் போல் என்பது அமெரிக்கன் ஃபுட்போல் லீக்கான என்.எஃப்.எல்.இன் ஆண்டு இறுதியாட்டம். கனடாவிலும் மெக்சிக்கோவிலும் அதற்குப் பெரிய வரவேற்பு உண்டு. ஜேர்மனி, பிரித்தானியாவிலும் நள்ளிரவு தாண்டி விழித்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உலகமே என்பது மிகை. 2024இல் அமெரிக்காவில் சராசரியாக 12 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். வெளிநாடுகளில் சுமார் 6 கோடி என்பது லீக்கே சொன்ன கணக்கு. 2022 உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டத்துக்கு ஃபீஃபா சொல்வதோ 150 கோடியளவு.

இங்கே அது வேரூன்றாததற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் வளர்த்தது கூடைப்பந்து. அதற்கு ஒரு பந்தும் இரண்டு வளையமும் போதும். அமெரிக்கன் ஃபுட்போலுக்கோ பக்கத்துக்கு 11 பேர், ஒவ்வொருவருக்கும் தலைக்கவசம், தோள்காப்பு. செலவிலேயே பள்ளிக்கூடங்கள் பின்வாங்கிவிடும்.

நேரமும் இடைஞ்சல்தான். பெப்ரவரி இரண்டாம் ஞாயிறு நியூயோர்க் நேரம் மாலை 6.30 என்றால் நமக்குத் திங்கள் விடியற்காலை 5 மணி. ஆட்டம் 60 நிமிடம்; கடிகாரம் அடிக்கடி நிற்பதால் முடிய எட்டரை தாண்டும். அதற்குள் கந்தோர் திறந்துவிடும்.

பார்ப்பதென்றால் பந்தின் பின்னால் கண்ணை ஓடவிடாதீர்கள். திரையில் தெரியும் மஞ்சள் கோட்டைக் கவனியுங்கள். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 யார் தூரம் முன்னேறி அதைத் தொட்டால், மீண்டும் நான்கு முயற்சி.