பழைய பென்ஸ் வாங்க முதல்: கேட்டதும் சொன்னதும்

மட்டக்களப்பில முப்பது வருஷத்துக்கு மேல கராஜ் வச்சிருந்தவன் நான். பழைய பென்ஸ் பாக்கப் போறவங்க வழிநெடுக எஞ்சினப் பத்தியே கேப்பாங்க. எனக்கு எஞ்சின் கடைசி. முதல்ல தகரம், மறுகா பதிவுப் புத்தகம், அதுக்குப் பிறகுதான் எஞ்சின். வந்து சேர்ந்த கேள்விகளில சிலதுக்கு இப்ப பதில் சொல்றன்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): அண்ணன், 1982ஆம் ஆண்டு 240டீ டீசல் பென்ஸ் ஒண்டு விலைக்கு வந்திருக்கு. கார் நிக்கிறது நாவலடியில. பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னுது. என்னத்தப் பாக்கணும்?

மின்னுறதுதான் எனக்குப் பயம் தம்பி. விக்கிறதுக்கு முதல் மாசம் அடிச்ச பெயின்டுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு அடிச்சவனுக்குத்தான் தெரியும். நாவலடி ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்பு ரெண்டு பக்கத்தாலயும் வரும்.

சின்னக் காந்தம் ஒண்ட மெல்லிய துணியில சுத்திக் கொண்டு போங்க. கதவுக்குக் கீழ்ப்பகுதி, சில்லுக்கு மேல வளைவு, டிக்கி ஓரம் எல்லாம் மெதுவா இழுத்துப் பாருங்க. ஒட்டாத இடத்தில தகரம் இல்ல, ஓட்டைய மறைக்கப் பூசுற பட்டிதான். பிறகு ஜக் (கார உயர்த்துற கருவி) வைக்கிற துளையின்ட பிளாஸ்டிக் மூடியக் கழட்டி விரல விடுங்க. பெட்டரித் தட்டு, முன் லைட்டுக்குப் பின்பக்கம், முன்பின் கண்ணாடி ரப்பரின்ட கீழ் ஓரம், டிக்கியில ஸ்பெயார் சில்லு கிடக்கிற குழி, இந்த டபிள்யூ 123 (240டீ சேர்ந்த மொடல் வரிசைக்குக் கம்பெனி வச்ச பேர்) கறள், அதாவது துரு, பிடிக்கிறதெல்லாம் இந்த இடங்களிலதான். சன்ரூஃப் இருந்தா அதின்ட ஓரத்தையும் பாருங்க.

முன் மட்கார்ட் போனா யோசிக்கத் தேவையில்ல, அது போல்ட்டில நிக்கிறது, கழட்டி மாத்தலாம். ஜக் துளையும், எஞ்சினுக்கும் கெபினுக்கும் நடுவில நிக்கிற தகரமும் உக்கியிருந்தா கதை வேற. இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, பொடிதான் எலும்பு. அங்க கறளக் கண்டா விலை பேசாதீங்க, திரும்பி வந்திடுங்க.

கேள்வி (கல்முனை): சுனாமித் தண்ணி, வெள்ளத்தண்ணி பட்ட கார எப்படிக் கண்டுபிடிக்கிற?

இதில நானே ஏமாந்தவன். சுனாமி முடிஞ்சு ரெண்டாவது வருஷம் ஒரு வெள்ளை பென்ஸ் 200 வாங்கினன். உள்ளுக்கு வாசனைத் தைலம் அடிச்சிருந்தாங்க. அந்த வாசமே எனக்குச் சொல்லியிருக்கணும், கேக்கயில்ல. ஆறு மாசத்தில கதவுக்குக் கீழ பெயின்ட் கொப்பளிச்சிது. கார்ப்பெட்டத் தூக்கினா அடியில சாம்பல் நிறத்தில கடல் மண், இறுகிக் கிடக்கு.

அண்டையிலிருந்து யாருட காருக்குப் போனாலும் முதல்ல கார்ப்பெட்டத் தூக்குவன். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுப்பன், ஆரும் கழுவாத நுனியில சேத்துக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில இருக்கிற ஸ்க்ரூ, லைட்டின்ட உள்பக்கம், பியூஸ் பெட்டியின்ட பச்சை பிடிச்ச பித்தளை எல்லாம் பாருங்க. ஆத்து வெள்ளம் பட்டா வயரிங் வேலை வரும். கடல் தண்ணி எண்டா வெளியால தெரியாத மூலைமுடுக்கெல்லாம் உப்பு தங்கி, பிறகும் தின்னும். 2004க்கு முதல் நம்மட கரையில இருந்த கார் எண்டா, அந்த டிசம்பர் 26 அது எங்க நிண்டது எண்டு கேளுங்க. கேக்க வெக்கப்படாதீங்க.

கேள்வி (சம்மாந்துறை): நான் பாத்த 240டீக்குள்ள ஜப்பான் டீசல் எஞ்சின் கிடக்கு. நல்லா ஓடுது. வாங்கலாமா?

ஓடுறதுக்கு வாங்கலாம், பென்ஸ் விலைக்கு வாங்கக்கூடாது. ஸ்பெயார் கிடைக்காத காலத்தில கைக்கு வந்தத வச்சுத்தான் கராஜ் பாஸ்மார் ஓட்டினாங்க, அதில குறை சொல்ல ஒண்டுமில்ல. ஆனா பழைய காருக்குக் கூடக் காசு குடுக்கிறது அது அசலா இருக்கிறதாலதான். மாத்தின எஞ்சின் நம்பர் சீஆர் எண்டு சொல்ற பதிவுப் புத்தகத்தில ஏறியிருக்கா எண்டு கட்டாயம் பாருங்க. ஏறாட்டி அந்த வேலையும் உங்கட தலையில.

செஸி நம்பரையும் வாசிக்கப் பழகுங்க. பொனட்டத் திறந்தா பின்பக்கத் தகரத்தில அடிச்சிருக்கும். எண்பதுகளில வந்த வண்டியில டபிள்யூ.டீ.பீ எழுத்துக்குப் பிறகு ஆறு இலக்கம்தான் மொடல். 123123 எண்டா 240டீ, 123130 எண்டா 300டீ. அடுத்த இலக்கம் 2 எண்டா வலப்பக்க ஸ்டியரிங்கோட பிறந்தது, 1 எண்டா இடப்பக்கத்திலிருந்து மாத்தினது. இலக்கத்தச் சுத்தி உரஞ்சின அடையாளமோ வெல்டிங் கோடோ தெரிஞ்சா அவ்வளவுதான், வாங்காதீங்க.

கேள்வி (ஆரையம்பதி): சாவிய நிப்பாட்டியும் எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு மாமா. ஓனர் சிரிக்கிறார், "பழைய டீசல் அப்படித்தான்" எண்டு.

அப்படி இல்ல மகன். இந்த டீசல நிப்பாட்டுறது வெக்கும், அதாவது குழாய்க்குள்ள காத்த உறிஞ்சுற விசை. எங்கயோ ஒரு குழாய் வெடிச்சு காத்து இழுக்குது. கதவுப் பூட்டும் அதே வெக்குமிலதான் வேலை செய்யிற, அதால கதவுக்குள்ள ஒரு ரப்பர் கிழிஞ்சாலும் எஞ்சின் நிக்காது. ஓட்டோ கியர் எண்டா அதே காரணத்தால கியர் உதைச்சு மாறும், ஆக்கள் கியர் பொக்ஸ் போயிற்று எண்டு பயந்திடுவாங்க. பெரும்பாலும் சின்னச் செலவுதான். ஆனா நீங்க அத ஓனரிட்டச் சொல்லத் தேவையில்ல, விலையில மட்டும் சொல்லுங்க.

கேள்வி (அக்கரைப்பற்று): எஞ்சினப் பாக்கிறது எப்படி எண்டும் சொல்லுங்களேன்.

காலையில போங்க. பொனட்டில கைய வைங்க, சூடா இருந்தா "நாளைக்கு வாறன்" எண்டு வந்திடுங்க. குளிர்ந்த எஞ்சின், டாஷ்போர்டில எரியிற ஹீட்டர் லைட் அணைஞ்சதும் பிடிக்கணும். கொஞ்சம் வெள்ளப் புகை வந்து போறது பரவாயில்ல, நீலப் புகை நிக்காமப் போனா ஒயில் எரியுது. மறுகா ஒயில் மூடியத் திருகி, துளைக்கு மேல சும்மா வச்சுப் பாருங்க. மெதுவா ஆடினா நல்லது. துள்ளி விழுந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சிட்டு.

பிடிக்கக் கஷ்டப்பட்டா உடனே வெறுக்காதீங்க. 240டீக்கு 24,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா டெப்பட் வைக்கணும் (வால்வு இடைவெளியச் சரிபண்ணுறது), அதச் செய்யாம விட்டாலும் பிடிக்காது. கம்ப்ரெஷன் அளந்தா முடிவு தெரிஞ்சிடும்: புதுசில 22 தொடக்கம் 24 பார் அமுக்கம். 15க்குக் கீழ போனா எஞ்சின் இறக்கித்தான் ஆகணும்.

கேள்வி (அம்பாறை): 1994 ஈ200 எப்படி?

இது டபிள்யூ 124 வரிசை, அருமையான கார். ஒரே ஒரு சாபம்: அந்தக் கால எஞ்சின் வயரிங்கின்ட மேல்தோல் சூட்டில பொரிஞ்சு உதிரும். எஞ்சின் பக்கத்து வயர் ஒண்ட வளைச்சுப் பாருங்க. பிஸ்கட் மாதிரி உடைஞ்சா, மாத்துற செலவ விலையில கழிக்கணும். உங்கட பக்கம் கடல் காத்து குறைவு, அங்கேயே வளர்ந்த கார் எண்டா பொடி நல்லா இருக்கலாம்.

கேள்வி (காத்தான்குடி): ஓப்பன் பேப்பரில, அதாவது வாங்கிறவர்ட பேர் எழுதாம விக்கிறவர் கையெழுத்து மட்டும் போட்ட பத்திரத்தில தாறாங்க. ஸ்ரீ நம்பர் (சிங்கள ஸ்ரீ எழுத்து உள்ள பழைய நம்பர்) எண்டு கூட விலையும் கேக்காங்க.

ஸ்ரீ நம்பர் வடிவுதான், அதுக்கு ஆசைப்படுற ஆக்களும் இருக்காங்க. (இதே எழுத்துக்கு எதிரா 1957, 58இல எங்கட பகுதிகளில என்ன நடந்தது எண்டு பெரியாக்களக் கேளுங்க. இப்ப அதுக்கே காசு!) ஓப்பன் பேப்பர்தான் பிரச்சினை. கையெழுத்துப் போட்டவர் உயிரோட இருக்காரா, எங்க இருக்கார்? ஒராள் வெளிநாடு போயிருந்தாலே பேர் மாத்த வருஷக்கணக்கில அலையணும். புத்தகத்தில பேர் உள்ளவர் நேர வந்து ஒப்பம் வச்சாத்தான் காச எண்ணுங்க.

கேள்வி (வாழைச்சேனை): மீட்டர் ஒரு இலட்சம்தான் காட்டுது.

நிண்டுபோன மீட்டரும் அதத்தான் காட்டும்.

கேள்வி (ஏறாவூர்): 2025இல வாகன இறக்குமதி திறந்தாச்சு. விலை இறங்குமா? சரியான விலை எது?

2020இல இறக்குமதி நிண்டபோது பழைய கார் எல்லாம் ஏறிச்சு, அதோட பழைய பென்ஸும் ஏறிச்சு. இறங்கினாலும் முதல்ல இறங்கிறது பட்டி பூசின கார்தான். "அபூர்வம்" எண்டு சொன்னா நம்பாதீங்க. டபிள்யூ 123 உலகத்தில கிட்டத்தட்ட 27 இலட்சம் செஞ்சிருக்கு. அபூர்வம் என்னெண்டா, வெட்டாம ஒட்டாம இருக்கிற ஒண்டு. நான் செய்யிறது இதுதான்: அதே மொடலில நல்ல கார் ஒண்டு என்ன விலைக்குக் கைமாறிச்செண்டு விசாரிப்பன். கேட்ட விலையில்ல, கைமாறின விலை. மறுகா தகர வேலை செய்யிற டிங்கர் பாஸிட்டயும் கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார் கடைக்காரனிட்டயும் கணக்கு எடுத்துக் கழிப்பன். டிங்கர் சொன்ன தொகைய மட்டும் ரெண்டால பெருக்குங்க. வெட்டிப் பாத்தா உள்ள எப்பவும் கூடத்தான் இருக்கும்.

கேள்வி (கல்லடி): வாங்கியாச்சு அண்ணன். வீடு கடலுக்குக் கிட்ட. கவர் போட்டு மூடி வைக்கவா?

பிளாஸ்டிக் கவர் வேணாம், ஈரத்த உள்ளுக்கே பூட்டி வைக்கும். கூரைக்குக் கீழ, காத்து வாற மாதிரி விடுங்க. கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியால அடிப்பக்கத்தக் கழுவுங்க, கதவுக்குக் கீழ இருக்கிற தண்ணி வடியிற ஓட்டைகள ஈர்க்கால குத்தி விடுங்க. வவுணதீவுப் பக்கம் சொந்தக்காரர் இருந்தா மாரிக்கு அங்க கொண்டு போய் விடலாம், மேட்டுக்காணியா எண்டு பாத்துக் கொண்டு.