முதலாளி கையெழுத்துக் கேட்கிறார், போடலாமா?

கேள்வி: என் தம்பி பஞ்சிகாவத்தையில் ஒரு பட்டறையில் மூன்று வருடமாக வேலை செய்கிறான். இருபது பேர் வேலை செய்யும் இடம். போன மாதம் பிரஸ் மெஷினில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. முதலாளி எங்கள் ஊர்க்காரர். தனியார் ஆஸ்பத்திரி பில்லை அவரே கட்டினார். ஆனால் வீட்டில் நடந்ததாகச் சொல்லித்தான் அங்கே சேர்த்திருக்கிறார்கள். இப்போது 50,000 ரூபா தருகிறேன், சிங்களத்தில் எழுதிய இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடு என்கிறார். தம்பியிடம் நியமனக் கடிதம்கூட இல்லை. வேலையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு அக்கா, கொட்டாஞ்சேனை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தம்பி கையெழுத்துப் போட வேண்டாம். "அக்காவிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி, கடிதத்தை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும். நட்டஈட்டு உரிமையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும், 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி அது செல்லாது. ஆனால் செல்லாத கடிதத்தைக் காட்டியும் ஆளைப் பயப்படுத்தலாம், அதற்குத்தான் சொல்கிறேன்.

என்னை அதிகம் உறுத்துவது அந்த "வீட்டில் நடந்தது" என்ற பேச்சு. நாளைக்கு விசாரணை வந்தால் முதலில் பார்ப்பது ஆஸ்பத்திரிப் பதிவைத்தான். டயக்னோசிஸ் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பிழையாக இருந்தால் சிகிச்சை செய்த டொக்டரிடம் தம்பி நேரில் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். இனிக் கட்டுப் போடவோ கிளினிக்குக்கோ எங்கே போனாலும், வேலை செய்யும்போது மெஷினில் பட்டது என்றே சொல்லட்டும். பொலிஸில் ஒரு முறைப்பாடும் பதிந்து வையுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் பெயரும் போன் நம்பரும் வேண்டும், அவர்கள் வேலை மாறிப் போவதற்குள். நியமனக் கடிதம் இல்லாதது பெரிய தடையில்லை. சம்பளச் சீட்டு, ஈ.பி.எஃப். பதிவு, பேங்குக்கு வந்த சம்பளம், "நாளைக்கு வெள்ளனவே வா" என்று முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எல்லாமே சாட்சிதான்.

"உன் கவனயீனம்தானே" என்றும் சொல்லுவார்கள். சாதாரணக் கவனக்குறைவு நட்டஈட்டைப் பறிக்காது. குடித்திருந்தால், பாதுகாப்புக்காகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறினால், மெஷினில் இருந்த பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றினால்தான் பிரச்சினை. உண்மையில் அந்த மெஷினுக்குத் தடுப்பு இருந்ததா? ஆபத்தான மெஷினுக்குத் தடுப்புப் போடுவது 1942ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி முதலாளியின் கடமை.

பில் கட்டினார், நல்ல மனது. அதற்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு வேறு, விரல் போனதற்கான நட்டஈடு வேறு. எந்த உறுப்பு போனால் எத்தனை வீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அதையும் சம்பளத்தையும் வைத்துத்தான் கணக்கு. உச்சத் தொகையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தியது. இரண்டு விரலுக்கு அவ்வளவு வராது, ஆனால் எவ்வளவு தருவது என்பதை முதலாளியே தீர்மானிக்க முடியாது.

ஊர்க்காரர் மேல் எப்படி முறையிடுவது என்ற தயக்கம் புரிகிறது. அவரிடம் ஒன்று கேளுங்கள்: தொழிலாளர் விபத்துக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறாரா? பல முதலாளிமார் எடுத்திருப்பார்கள். இருந்தால் காசு அவர் பையிலிருந்து போகப்போவதில்லை, அவரே கூட வந்து நிற்பார்.

இல்லையென்றால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் செயலகத்தில் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்துக்குப் போங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கொடுக்கும் எல்லாவற்றுக்கும் பிரதி வைத்திருங்கள். காலம் கடந்தால் கோரிக்கையே அடிபட்டுப் போகலாம், புண் ஆறட்டும் என்று இருக்காதீர்கள். லோயருக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

வேலை விஷயம். பதினைந்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அதனால் "நானாக விலகுகிறேன்" என்று எந்தத் தாளிலும் தம்பி எழுதிவிடக் கூடாது. இப்போது நீட்டிய அந்தச் சிங்களக் கடிதத்திலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று, சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசித்துப் பாருங்கள்.