நீதிமன்றம் போட்ட அபராதத்தைக் கட்டாவிட்டால் இந்தியாவில் என்ன ஆகும்?

உங்கள் தம்பிக்கு 4,000 ரூபாய் அபராதம் போட்டிருக்கிறார்கள், கையில் பணம் இல்லை. கட்டாமல் விட்டால் என்ன ஆகும், உள்ளே போய்விட்டு வந்தால் கணக்கு தீர்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் தாய்மாமா இதே நிலையில், பணம் புரளட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். தவணை கேட்கலாம் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வாரண்ட் வந்த பிறகுதான் வக்கீலைத் தேடி ஓடினோம். அதனால் முதலில் அதையே சொல்கிறேன்.

தண்டனை அபராதம் மட்டும்தான் என்றால், உடனே கட்ட முடியாதவருக்கு நீதிமன்றம் 30 நாள் அவகாசம் தரலாம். இல்லையென்றால் இரண்டு மூன்று தவணையாகக் கட்ட அனுமதிக்கலாம். முதல் தவணை 30 நாளுக்குள், மற்றவை 30 நாளுக்கு மேல் இடைவெளி விடாமல். அதற்குப் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 464ஆம் பிரிவு இது. தானாக யாரும் கொடுக்க மாட்டார்கள், வாய் திறந்து கேட்க வேண்டும்.

கேட்காமலும் கட்டாமலும் இருந்தால், தீர்ப்பில் உள்ள "கட்டத் தவறினால் இத்தனை நாள் சிறை" என்ற வரி உயிர்பெறும். அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றமென்றால் அது மெய்க்காவல்தான், அதாவது கடுங்காவல் இல்லாத சாதாரணச் சிறை. 5,000 ரூபாய் வரை அதிகபட்சம் 2 மாதம், 10,000 வரை 4 மாதம், அதற்கு மேல் ஒரு வருடம். (குற்றம் 2024 ஜூலை 1க்கு முன் நடந்திருந்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் கணக்கு வரும்.)

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. உள்ளே போன பிறகும் பணம் கட்டலாம், கட்டியதும் வெளியே விட்டாக வேண்டும். பாதி கட்டினாலும் பலன் உண்டு: 4,000க்கு 2 மாதம் என்றிருந்து 2,000 கட்டிவிட்டால், ஒரு மாதம் இருந்தால் போதும். தயவுசெய்து முழுத்தொகை சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, சிறையில் இருந்துவிட்டால் கணக்கு தீருமா? பெரும்பாலும் பிறகு வசூலுக்கு வர மாட்டார்கள். ஆனால் சிறப்புக் காரணத்தை எழுதி வைத்தோ, அந்தப் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர உத்தரவு இருந்தாலோ, ஜப்தி வாரண்ட் போடலாம். தீர்ப்பிலிருந்து 6 வருடம் வரை வசூலிக்க முடியும். ஆள் இறந்தாலும் அவர் சொத்து தப்பாது.

அப்புறம், தீர்ப்பு நகலை எடுத்து இரண்டு பிரிவுகளில் தனித்தனி அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். "ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்" என்பது அபராதம் கட்டாததற்கான சிறைக்குப் பொருந்தாது. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும்.